செக்குக் கட்டையில் செய்த பைப்

எங்கள் வீட்டு மாடி அறைக்குக் குளிர்காலந்தோறும் வந்து தங்கும் ஜெர்மன்காரரின் பைப் ஒரு நாள் காலையில் ஓட்டையாகிவிட்டது. கீழே விழவில்லை, உடையவில்லை. புகையிலை அடைக்கும் கிண்ணத்தின் அடிப்பாகம் உள்ளுக்குள்ளேயே கருகிக்கொண்டு வந்து, அன்றைக்கு வெளியே எட்டிப் பார்த்திருக்கிறது. அவர் அதைக் கைக்குட்டையில் கிடத்தி எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கி வந்தார்.

“அம்மா, எனது புகைக்குழாய் இறந்துவிட்டது” என்றார்.

அவர் தமிழைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர். செய்தி வாசிப்பவர்களே வீட்டுக்கு வந்ததும் கழற்றி வைத்துவிடும் தமிழை அவர் பால்காரரிடமும் ஆட்டோக்காரரிடமும் பேசுவார். அம்மா கைக்குட்டைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“அடப் பாவமே. டீ போடட்டுங்களா?”

“நன்றி. போடுங்கள்” என்று சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

அவர் ஊரில் லிஃப்டுகளைப் பரிசோதிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு கட்டடத்து லிஃப்டில் மக்கள் ஏறலாமா கூடாதா என்று கையெழுத்துப் போடும் வேலை. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. அம்மாவின் ரசத்தை முதல் தடவை குடித்தபோதுகூட ஒரு வாய் விழுங்கி, கொஞ்ச நேரம் காத்திருந்து, பிறகுதான் “சரி” என்றார். அவர் வாயிலிருந்து வருவதில் அதுவே பெரிய பாராட்டு.

பைப் இல்லாமல் அவர் இன்னும் ஏறக்குறைய ஒரு மாதத்தைத் தள்ள வேண்டும். அடுத்த பௌர்ணமிக்கு முந்தைய நாள் காலையில் ஏர்போர்ட்டுக்குக் கார் சொல்லியிருந்தார். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்துக்காகச் சாலைகளை அடைத்துவிடுவார்கள், கார் வராது. இந்த ஊரில் யார் எப்போது கிளம்புவது என்பதை நிலா பார்த்துக்கொள்கிறது.

ஆசிரமத்துப் பக்கம் கடைகளில், சாமியார்கள் புகைக்கும் கல் சிலும்பிகள் தொங்கும். அதைக் காட்டியபோது, “இது குழாய். புகைக்குழாய் அல்ல” என்றார். ஆன்லைனில் ஒன்று வரவழைத்தோம். அவர் பெட்டியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோய், உள்ளே வார்னிஷ் அடித்திருக்கிறார்கள், பற்றவைத்தால் வார்னிஷைத்தான் குடிக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அப்போதுதான் நான், “நான் செஞ்சி தரேன்” என்றேன். சொன்ன பிறகு யோசித்தேன். என் விஷயத்தில் எல்லாமே இந்த வரிசையில்தான் நடக்கும்.

கூடத்தில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த அக்கா நிமிரவில்லை. சிவப்புப் பேனாவை மட்டும் நிறுத்தினாள்.

“இன்னாது, இன்னொரு தடவ சொல்லு.”

“பைப். மரத்துல. நான் செய்யப் போறேன்.”

“காளான் மாதிரியா, ட்ரோன் மாதிரியா?”

இதை விளக்க வேண்டும். எங்கள் வீட்டில் சமையலறைக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. பழைய காலத்தில் அதுதான் சமையலறை. இன்னும் ஒரு கடப்பைக்கல் மேடை அதில் உண்டு. ஜன்னல் வழியே மலை தெரியும். இந்த ஊரில் மலை தெரியாத ஜன்னலைத்தான் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த அறையில் நான் காளான் வளர்த்தேன். பிறகு ட்ரோன் கட்டினேன். அது ஒரு முறை பறந்து, பக்கத்து வீட்டு முருங்கையில் இறங்கியது. பிறகு இயற்கைச் சாயம். ஒவ்வொன்றும் முடிவதற்குள் அடுத்தது வந்துவிட்டதால் அறை நிறைந்துவிட்டது. அக்காவின் டியூஷன் பிள்ளைகள் கூடத்தில் உட்கார்ந்து கணக்குப் போட, அதே கூடத்தில் அம்மா சீரியல் பார்க்க, யாருக்கும் யார் பேசுவதும் கேட்காமல் இரண்டு வருடமாகக் குடும்பம் நடக்கிறது. அந்த அறை தனக்கு வேண்டும் என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் பட்டறை, பட்டறை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

“சரி” என்றாள் அக்கா. “அவரு கிளம்பறதுக்குள்ள செஞ்சி முடி. ஒரு கிண்ணம் புகையிலைய அடி சாம்பல் வரைக்கும் அவரு குடிச்சி முடிக்கணும். முடிச்சிட்டாருன்னா ரூம் உனுக்கு. நான் வாயே திறக்க மாட்டேன்.”

“முடிக்கலன்னா?”

“மறுநாளே என் பசங்க உள்ள உக்காருவாங்க. உன் காளான் பையெல்லாம் நானே தூக்கிப் போடுவேன்.”

“அவரு நல்லவரு, எனுக்காக எப்படியும் குடிச்சிடுவாரு.”

“அவரா?” என்று அக்கா திரும்பவும் திருத்த ஆரம்பித்தாள்.

அதுவும் சரிதான். ரசத்துக்கே காத்திருந்தவர்.

நான் முதலில் கருவிகளை வாங்கினேன். மரம் என்னவென்று முடிவாகவில்லை. அக்கா, “டூல்ஸ் வாங்கறதுலயே உனுக்கு பாதி வேல முடிஞ்ச திருப்தி வந்துடும்” என்றாள். பாதி இல்லை, முக்கால்வாசி வந்துவிட்டது. வாயில் வைக்கும் கருப்புக் காம்பு பழைய பைப்பிலேயே நன்றாக இருந்ததால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நான் செய்ய வேண்டியது கிண்ணமும் அதோடு சேர்ந்த கழுத்தும் மட்டும். அதற்கு இரண்டு துளைகள். மேலிருந்து கிண்ணத்துக்கு அகலமாக ஒன்று, கழுத்து வழியாகக் காற்று போக மெலிதாக ஒன்று. மெலிதானது அகலமானதன் அடியில், சரியாக அடியில், போய்ச் சேர வேண்டும். மேலே சேர்ந்தால் புகையிலை அடியில் ஈரமாகத் தங்கிவிடும். கீழே போனால் கட்டை வீண்.

கடைகளில் கிடைக்கும் டிரில் பிட் எல்லாம் கூர்மையான முனை கொண்டவை. பைப்பின் கிண்ணத்துக்கு அடி உருண்டையாக இருக்க வேண்டும். எனவே தட்டையான பிட் ஒன்றை வாங்கி, சாணைக்கல்லில் பிடித்து, அதன் முனையை விரல் நகம் போல் வளைவாகத் தேய்த்தேன். மெல்லிய துளைக்கு நீளமான பிட். கழுத்தைத் தேய்க்க உருட்டு அரம். தேரடித் தெரு ஹார்டுவேர் கடைக்காரர் அரத்தைப் பேப்பரில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

“இவ்ளோ சின்ன அரம் எதுக்கும்மா?”

“புகை பிடிக்கிற பைப் செய்ய.”

சுற்றுவது நின்றது. “சாமியாருங்களுக்கா?”

“இல்லங்க. எங்க வீட்டு மாடில ஒரு ஜெர்மன்காரர்.”

“அப்ப சரி” என்று மீண்டும் சுற்றினார். “சாமியாருங்களுக்குன்னா நான் குடுக்கறதில்ல. பிரச்சன ஜாஸ்தி.”

கடைசியாக ஒரு வைஸ். கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் இரும்புத் தாடை. நல்ல கனமானதாகப் பார்த்து வாங்கி, கடப்பைக்கல் மேடையில் ஓட்டை போட்டு நாலு போல்ட்டில் முறுக்கினேன். அறை எனக்கு வந்துவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. முறுக்குகிற சத்தம் கேட்டு அக்கா வந்து வாசலில் நின்றாள். போல்ட்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனாள்.

இனி மரம். உலகத்தில் பைப் செய்வதற்கென்று ஒரு மரம் உண்டு. மத்தியதரைக் கடல் பக்கத்துப் புதர்ச்செடி ஒன்றின் வேர்முடிச்சு. அது தீயில் லேசில் கருகாது, ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், வாசனை கிடையாது. அதை வரவழைத்தால் அவர் விமானம் ஏறிய பிறகுதான் வந்து சேரும். ஆகவே நம்மூர் மரத்தில் அதே குணங்களைத் தேட வேண்டும். கெட்டியாக, காய்ந்ததாக, வெடிக்காததாக, வாசம் இல்லாததாக, விஷம் இல்லாததாக. அரளியைப் பெயரளவில்கூட யோசிக்கவில்லை. வேம்பு கசக்கும். தேக்கு அறுக்கும்போதே தும்மல் வந்தது. கொய்யா காய்வதற்குள் இரண்டாகப் பிளந்தது.

பிறகு கருங்காலி. கிரிவலப் பாதையில் இப்போது எந்தக் கடையைப் பார்த்தாலும் கருங்காலிதான். மாலை, காப்பு, கோல், காரில் தொங்கவிட ஒன்று, பைக் சாவிக்கு ஒன்று. இத்தனை மாலைக்கு எந்தக் காட்டை வெட்டினார்கள் என்று நானும் யோசித்ததில்லை. ஒரு கடையில் கைப்பிடி அளவு கட்டை கேட்டேன்.

“ஒரிஜினலாங்க?”

“தண்ணில போட்டுப் பாருங்க, முழுகும்.”

முழுகியது. வைஸில் இறுக்கித் துளை போட்டேன். வெளியே கருப்பாக இருந்த கட்டையிலிருந்து மஞ்சள் தூள் வந்தது. அதன் பிறகு தண்ணீரைப் பார்த்தேன், தண்ணீர் கருப்பாக இருந்தது. என் கையும்தான். அலுவலக வீடியோ மீட்டிங்கில் கையைத் தூக்கிப் பேசும்போது மேனேஜர், ஏதாவது அடிபட்டுவிட்டதா என்று விசாரித்தார்.

என் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. நான் இங்கிருந்தே வேலை செய்கிறேன். மற்றவர்கள் எழுதும் சாஃப்ட்வேரில் எங்கே தப்பு வரும் என்று சோதித்துச் சொல்வது என் வேலை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மரங்களையும் அப்படியே முறையாகச் சோதிக்க முடிவு செய்தேன். கையில் வைத்துப் பார்ப்பது, முகர்ந்து பார்ப்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். எல்லா மரத்துக்கும் ஒரே சோதனை வேண்டும், ஒரே சூடு வேண்டும், ஒரே நேரம் எரிய வேண்டும்.

நெருப்புக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது பூஜை அலமாரியில் கம்ப்யூட்டர் சாம்பிராணி டப்பா இருந்தது. ஒவ்வொரு வில்லையும் ஒரே அளவு. பற்றவைத்துவிட்டால் காற்றோ கவனிப்போ இல்லாமல் ஒரே சீராகக் கனன்று முடியும். புகையிலைக்கு இதைவிடப் பொருத்தமான மாற்று கிடைக்காது என்று தோன்றியது. ஒவ்வொரு மரத்துண்டிலும் கிண்ணம் போலத் துளை போட்டு, அதில் சாம்பிராணி வைத்துக் கொளுத்தினேன். அணைந்த பிறகு எவ்வளவு கருகியிருக்கிறது, வெடித்திருக்கிறதா, கெட்ட வாசம் வருகிறதா என்று பார்த்தேன்.

சாயங்காலமானால் பின்னறை ஜன்னலிலிருந்து புகை கிளம்பும். தெருவில் எங்கள் வீட்டின் மரியாதை கூடியது. எதிர்வீட்டு அத்தை அம்மாவிடம், “பொண்ணுக்கு எதனா வரன் கூடி வந்துருக்குதா? பூஜையெல்லாம் பலமா இருக்குதே” என்று கேட்டார்.

“பைப் செய்யறா” என்றாள் அம்மா.

“நல்லது, நல்லது” என்றார் அத்தை.

சோதனையில் எல்லாவற்றிலும் தேறியது சீமைக்கருவேலம். கருகவில்லை, வெடிக்கவில்லை. ஆனால் தெருவுக்குத் தெரு முள்ளாகக் கிடப்பதை, கரிமூட்டம் போடுகிற விறகை, வெளிநாட்டுக்காரருக்குப் பரிசாகச் செய்து கொடுப்பதா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டு, வேறு ஏதாவது கொஞ்சம் கதை உள்ள மரமாகத் தேடினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டுக்குக் கீழ்பென்னாத்தூருக்குப் போயிருந்தேன். அவர்கள் கடலை எண்ணெய் ஆட்டி விற்பவர்கள். மர உலக்கை சுற்றும் பழைய செக்கைப் பிரித்துவிட்டு இரும்பு மெஷினுக்கு மாறி ரொம்ப காலம் ஆகிறது. மோட்டார் ஷெட் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கட்டையை முட்டுக் கொடுத்திருந்தார்கள். வெயிலிலும் மழையிலும் கிடந்து சாம்பல் நிறமாகியிருந்தது. தூக்கிப் பார்த்தேன். கல் மாதிரி கனம். ஒரு கீறல் இல்லை, பூச்சித் துளை இல்லை.

“பெரியம்மா, இது இன்னா கட்ட?”

“பழைய செக்கு உலக்கையோட அடிக் கட்ட. வாகை.”

“எவ்ளோ நாளா இப்படிக் கெடக்குது?”

“அது கெடக்கும். எண்ணெ குடிச்ச கட்ட. கரையான் கிட்டயே வராது. நீ வேணும்னா எடுத்துக்க, கதவுக்கு வேற கல்லு வெச்சிக்கறேன்.”

எண்ணெய் குடித்த கட்டை என்று பெரியம்மா சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. அதனால்தான் வெடிக்கவில்லை, அதனால்தான் பூச்சி அரிக்கவில்லை, ஆகவே இது பைப்புக்காகவே பதப்பட்ட மரம் என்று எனக்குள் வரிசையாக ஓடியது. அதற்கு மேல் ஓடவில்லை. கட்டையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், சாமி சிலையா என்று கேட்டார். இல்லை, செக்கு என்றேன். அவர் வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

சாம்பிராணிச் சோதனையில் அது சீமைக்கருவேலத்தையும் மிஞ்சியது. துளையின் விளிம்பு லேசாகப் பழுப்பானது, அவ்வளவுதான். முகர்ந்து பார்த்தேன். சாம்பிராணி வாசம் மட்டுமே வந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கட்டில் கால் கடையும் பட்டறை ஒன்று இருக்கிறது. அதை நடத்துபவர் தனக்குத் தெரியாத விஷயமே இல்லை என்று நினைப்பவர். அந்த வகையில் எங்களுக்குள் உடனே ஒத்துப்போனது. நான் போனில் பைப் படங்களைக் காட்டினேன்.

“இதானா. பாதி கட்டில் காலு.”

“கழுத்து மெலிசா வரணும்ங்க.”

“வரும் பாப்பா. கட்டில் காலே மெலிசாதான ஆரம்பிக்குது.”

கட்டையை ஏற்றி உளியை வைத்ததும் அவர் முகம் மாறியது. மரம் சீவலாக உதிரவில்லை. நாடா மாதிரி, நீளமாக, பளபளவென்று சுருண்டு வந்தது. வெளியே சாம்பல் நிறம் போய், உள்ளே கருந்தேன் நிறம் தெரிந்தது.

“இன்னா மரம் பாப்பா இது, வெண்ணெ மாதிரி போவுது.”

“பழைய வாகைங்க. ரொம்ப நாள் பதமானது.”

“உளி சூடே ஆவல பாரு. பாலிஷும் வேணாம், தானா மின்னுது.” கையால் தடவிப் பார்த்து, அந்தக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். “இந்த மாதிரி கட்ட இப்ப எங்க கிடைக்குது.”

நானும் தடவிப் பார்த்து ஜீன்ஸில் துடைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பெருமையாக நின்றோம்.

நான் அலுவலகத்துப் போன் ஒன்றைப் பேசிவிட்டுத் திரும்புவதற்குள் அவர் கழுத்தில் மூன்று வளையங்கள் போட்டு, நடுவில் ஒரு குமிழும் வைத்துவிட்டார். கேட்டதற்கு, கை தானாகப் போய்விட்டது என்றார். குமிழை அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டேன். வளையங்களை எடுத்தால் கழுத்து முறியும் என்பதால் விட்டுவிட்டேன். பார்க்க, பொம்மைக் கட்டில் ஒன்றின் நான்காவது கால் போல இருந்தது. ஆனால் நல்ல கட்டில்.

துளைகளை நானே வீட்டில் போட்டேன். இந்த வேலையில் நான் அவசரப்படாத ஒரே இடம் அதுதான். கட்டையின் பக்கவாட்டில் பென்சிலால் கோடு போட்டு, மெல்லிய பிட்டை அந்தக் கோட்டின் மேலேயே வைத்து எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று டேப் ஒட்டி அடையாளம் வைத்தேன். வேறு கட்டைகளில் பழகிப் பார்த்தபோது பிட் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. செக்குக் கட்டையில் அது நேராகப் போய், கிண்ணத்தின் அடியில், எங்கே வர வேண்டுமோ அங்கே வந்து நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தேன். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அக்காவையும் கூப்பிட்டேன். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

“நேராதான் போயிருக்குது” என்றாள். கணக்கு டீச்சர் வாயில் அது கனமான சொல்.

பழைய காம்பு கழுத்தில் பொருந்தும்போது ‘டப்’ என்று மெல்லிய சத்தம் கேட்டது. வாயில் வைத்து வெறும் காற்றை இழுத்துப் பார்த்தேன். தடையே இல்லை. புகையிலை வைத்துப் பார்க்கவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவரிடம் கேட்டபோது அவரும், “முதல் நெருப்பு உரிமையாளருக்கு உரியது” என்று சொல்லிவிட்டார்.

கார் வருவதற்கு முந்தைய நாள் மாலை மொட்டைமாடியில் கூடினோம். அவர் நாற்காலியில். நான் எதிரே ஸ்டூலில். அக்கா கீழே கூடத்தில் பிள்ளைகளுக்கு மாதிரி வினாத்தாள் கொடுத்துவிட்டு, தீர்ப்புக்காக மேலே வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். அவர் பைப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வளையங்களை விரலால் தொட்டார்.

“இவை எதற்கு?”

“அழகுக்கு” என்றேன்.

“சரி.”

எனக்கு அப்போதே பாதி அறை கிடைத்துவிட்டது போல் இருந்தது. அவர் கடைசியாக மிச்சம் வைத்திருந்த டப்பாவிலிருந்து புகையிலையைக் கிள்ளிக் கிள்ளி அடைத்தார். தீக்குச்சியை வட்டமாகச் சுற்றிக் காட்டினார். இழுத்தார். புகை சுலபமாக வந்தது. தலையை ஆட்டினார். இரண்டாவது குச்சி. மீண்டும் இழுத்தார். இழுத்தது பாதியில் நின்றது.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். அவர் பைப்பைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தது. முத்து முத்தாக. உள்ளே சொய்ங் என்று ஒரு சின்ன சத்தம்.

“இது கடலை மணம் உடையது” என்றார்.

எனக்கும் வந்தது. வெறும் கடலை வாசம் இல்லை. பஜ்ஜி போடுவதற்கு வாணலியில் எண்ணெய் காய்ந்து, மாவு விடலாமா என்று யோசிக்கும் கட்டத்து வாசம். கீழேயிருந்து ஒரு பையன், “மிஸ், யாரோ கடலை வறுக்கறாங்க மிஸ்” என்று கத்தினான். சமையலறையில் அம்மா, “யாருடி எண்ணெய அடுப்புல வெச்சிட்டு மேல போனது?” என்று கேட்டுக்கொண்டே ஓடுவதும், பாத்திரங்களைத் தூக்கிப் பார்ப்பதும் கேட்டது.

எத்தனையோ வருடம் கடலை எண்ணெயில் ஊறிய கட்டை அது. மேலே காய்ந்து சாம்பல் பூத்திருந்தாலும் உள்ளே குடித்ததெல்லாம் அப்படியே இருந்திருக்கிறது. உளிக்கு வெண்ணெயாகப் போனதும், தானாக மின்னியதும், நாங்கள் இருவரும் கையைத் துடைத்துக்கொண்டதும் அந்த எண்ணெய்தான். என் சோதனையில் இது தெரியாமல் போனதற்குக் காரணம், சாம்பிராணி தன்னைத் தவிர வேறு எதையும் முகர விடாது. அதோடு, சாம்பிராணியை யாரும் உறிஞ்சுவதில்லை. உறிஞ்ச உறிஞ்சத்தான் நெருப்பு ஏறும், எண்ணெய் இறங்கும். இதெல்லாம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோதே எனக்கு முழுசாகப் புரிந்துவிட்டது. நான் வேகமாகப் புரிந்துகொள்கிறவள்தான்.

அவர் விடவில்லை. பாதிக் கிண்ணம் வரை முறையாக இழுத்தார். கைக்குட்டையால் பைப்பைத் துடைத்துத் துடைத்து இழுத்தார். ஒரு சொட்டு அவர் வேட்டியில் விழுந்தது. பிறகு இருமல் வந்தது. அடங்கியதும் பைப்பை டீத் தட்டின் மேல் மெதுவாகச் சாய்த்து வைத்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். லிஃப்டின் முன்னால் இப்படித்தான் நின்றிருப்பார் என்று நினைத்தேன்.

“காற்று மிக நன்று” என்றார். “துளை சரியான இடத்தில் உள்ளது. இந்தக் குழாய் மேலே போகும், கீழே வரும். ஆனால் மக்கள் ஏறுவதற்கு அனுமதி இல்லை.”

“சரிங்க” என்றேன்.

“நான் வருந்துகிறேன்.”

“பரவால்லங்க.”

அக்கா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். பைப்பை எடுத்துச் சூடு பொறுக்காமல் கை மாற்றிக்கொண்டு, கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

“ஸ்டெப்பெல்லாம் கரெக்ட்டு. எடுத்துக்கினதே தப்பு” என்றாள். பிறகு, “காலைல அவரு கார் போனதும் காலி பண்ண ஆரம்பிச்சிடலாம். நானும் கூட வரேன்.”

“ம்.”

காலையில் அவர் காம்பை மட்டும் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். அம்மாவுக்குக் கும்பிடு போட்டார். என்னிடம் தன்னுடைய ஓட்டைக் கிண்ணத்தைக் கொடுத்து, இது ஏன் கருகியது என்று அறுத்துப் பார் என்றார். அப்போதே செங்கம் ரோட்டில் தடுப்புகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் ஹாரனை அழுத்தி, “சார், இப்ப வண்டிய உடலன்னா பௌர்ணமி முடிஞ்சிதான் சார்” என்றார்.

மத்தியானத்துக்குள் அறை காலியானது. காளான் பைகள், ட்ரோன், சாயப் பானைகள், சீமைக்கருவேலத் துண்டுகள், பைப் எல்லாம் பரணுக்குப் போயின. வைஸ் மட்டும் வரவில்லை. நான் முறுக்கியிருந்த முறுக்கில் போல்ட்டுகள் இறுகிவிட்டன. தட்டினால் கடப்பைக்கல்தான் உடையும். அக்கா தன் ஹேண்ட்பேகை அதில் மாட்டினாள். சாயங்காலம் பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்தார்கள். ஒருவன் மட்டும் மேடைப் பக்கம் உட்கார அடம்பிடித்தான். அவனுக்கு வைஸைத் திருகிக்கொண்டே வாய்ப்பாடு சொல்ல வேண்டும்.

கூடத்தில் அம்மாவின் சீரியல் தெளிவாகக் கேட்டது. யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று எனக்கு முதல் தடவையாக விளங்கியது.

நான் கணக்கில் எடுக்காதது கொசு. பின்னறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சாக்கடை. கடைசிச் சில வாரங்கள் அங்கே தினமும் சாம்பிராணி எரிந்ததால் கொசு என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துவிட்டிருந்தது. மூன்றாம் நாள் பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டுக் கையைக் காலைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா வெளியே வந்து அம்மாவிடம் சாம்பிராணித் தட்டு கேட்டாள். புகை பிடிக்கிற பைப் இருந்த அறைக்குப் பூஜைத் தட்டு வராது என்று அம்மா சொல்லிவிட்டாள். பைப் பரணுக்குப் போய் மூன்று நாள் ஆயிற்று என்று அக்கா வாதாடிப் பார்த்தாள். பிறகு பரண் பக்கம் போனாள்.

திரும்பி வரும்போது அவள் கையில் என் பைப் இருந்தது. கழுத்தை வைஸில் இறுக்கி, கிண்ணம் மேலே பார்க்கும்படி நிமிர்த்தி, அதில் ஒரு வில்லையை வைத்துப் பற்றவைத்தாள். காம்பு இல்லாததால் அடித் துளை வழியாகக் காற்று ஏறி, வில்லை கடைசித் துளி வரை சீராகக் கனன்றது. கிண்ணம் வியர்க்கவில்லை. கடலை வாசம் வரவில்லை. சாம்பிராணி வாசம் மட்டும் வந்தது. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நான் அதை அதற்காகத்தான் அவ்வளவு முறையாகச் சோதித்திருந்தேன்.

ஒரு வாரம் கழித்து, டியூஷன் முடிந்து பிள்ளைகள் செருப்புத் தேடிக்கொண்டிருந்த நேரம், அக்கா கூடத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அவளும் சீரியல் பார்த்தாள்.

“கூடத்துக்கு ஒண்ணு வேணும்னு அம்மா கேக்கறாங்க.”

“இன்னாது?”

“அதாண்டி. கொசுவுக்கு. எதிர்வீட்டு அத்தையும் கேட்டாங்க.”

“எங்க வெச்சி செய்யறது?”

அக்கா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஏழு மணிக்கு மேல வைஸு சும்மாதான இருக்குது.”

“எந்த மரத்துல?”

“அதே கட்டைலதான். மிச்சம் இருக்குது இல்ல?” என்றாள். “ஆனா வளையம் வேணாம்.”